டர்போ காரில் ‘கிண் கிண்’ சத்தம்: நாக்கிங்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

[திரை இருட்டு. சத்தம் மட்டும்: ஏற்றத்தில் ஏறும் கார்]

ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். டர்போ பெட்ரோல் கார், மூன்றாவது கியர், ஏற்றம். இதோ, ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன்... தகர டப்பாவில் நாலு கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கேட்கிறதா? காலை எடுத்தேன். நின்றுவிட்டது.

இந்தக் காருக்கு என்ன நோய் என்பதைத்தான் இன்று தேடப் போகிறோம். டீசல் கார்க்காரர்கள் மன்னிக்கவும். கலவை தானாகப் பற்றிக்கொள்வதுதான் டீசலின் வேலைமுறையே. அங்கே கணக்கு வேறு.

[வரைபடம்: சிலிண்டர், நடுவில் ஸ்பார்க் பிளக்]

பிளக் பொறி விட்டதும் தீ நடுவிலிருந்து சுவரை நோக்கிப் பரவுகிறது. அது போய்ச் சேர்வதற்குள், ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் மிச்சக் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே வெடித்தால் அதுதான் நாக்கிங். அந்த அழுத்த அலை சுவருக்குச் சுவர் மோதி, என்ஜின் பிளாக்கையே மணி மாதிரி அதிர வைக்கிறது. 86 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் இந்த அதிர்வு நொடிக்கு ஏறக்குறைய 6,500 முறை. அதனால்தான் ‘தொம்’ என்று கேட்காமல் ‘கிண்’ என்று கேட்கிறது. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, டர்போவில் மட்டும் ஏன் இவ்வளவு பயம்? காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். டர்போ அதன் அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால், டர்போவை விட்டு வெளியே வரும்போது காற்று சுமார் 125 டிகிரி. இன்டர்கூலர் அந்தச் சூட்டை இறக்கவில்லை என்றால், சிலிண்டருக்குள் நுழையும்போதே கலவை பாதி கோபத்தில் இருக்கும்.

[என்ஜின் பே, அருகிலிருந்து]

இப்போது சோதனை. பானெட்டைத் திறக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: சத்தம் எப்போது வருகிறது? எப்படி இருக்கிறது என்பதைவிட இதுதான் முக்கியம். ஆளுக்கு ஆள் காது வேறு. ‘டக் டக்’, ‘கட கட’, ‘சல சல’ என்று ஒரே சத்தத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள்.

பளு ஏறும்போது வந்து, காலை எடுத்ததும் போனால் நாக்கிங் சந்தேகம் வலுக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து, என்ஜின் சூடானதும் மறைந்தால் பிஸ்டன் சுவரில் தட்டுவதாக இருக்கலாம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவாகவும் இருக்கலாம். ஐடிலிங்கில் தகரம் அதிர்கிற மாதிரி ஒரு சிலுசிலுப்பு வந்தால் டர்போவின் வேஸ்ட்கேட் கையைப் பாருங்கள் (டர்போவைச் சுழற்றும் புகையில் மிச்சத்தை வெளியேற்றும் சின்னக் கதவுதான் வேஸ்ட்கேட்). தேய்ந்துபோய் ஆடும்.

ஒரு சத்தத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன். அடிவயிற்றிலிருந்து வருகிற கனமான ‘தொக் தொக்’. ஆர்.பி.எம். ஏற ஏற வேகமாகும், நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தாலும் கேட்கும். அது, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். அப்படிக் கேட்டால் இந்த வீடியோவை நிறுத்துங்கள், காரையும் நிறுத்துங்கள். டோ வண்டிதான் வழி. நாக்கிங்கும் ராடு சத்தமும் ஒன்று என்று நினைத்து பெட்ரோலை மாற்றிக்கொண்டே ஓட்டினால், கடைசியில் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

[ஸ்கேனர் திரை]

நம் கார் ஏற்றத்தில் மட்டும்தான் சத்தம் போடுகிறது. ஆக, அடுத்தது காரின் கணினி சொல்வதைப் படிக்கும் ஸ்கேனர். பிளாக்கில் ஒரு நாக் சென்சார் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அதுதான் என்ஜினின் காது. சற்றுமுன் சொன்ன 6,500-ஐ ஒட்டிய அதிர்வைக் கேட்டதும் என்ஜினின் கணினியான ஈ.சி.யூ. பொறியைச் சில டிகிரி தாமதமாக்கும் (இந்த டிகிரி சூடு அல்ல, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கோணம்), அப்புறம் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். எப்போதாவது ஒன்றிரண்டு டிகிரி பின்வாங்குவது சகஜம்தான். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஐந்து, ஆறு டிகிரி பின்வாங்கினால் அது சகஜமில்லை.

லைவ் டேட்டாவில் நான் எடுத்துவைப்பவை: சிலிண்டர்வாரியாகப் பொறித் தாமதம், உள்ளே போகும் காற்றின் சூடு, டர்போவிடம் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும், லாம்ப்டா (காற்றும் பெட்ரோலும் கலந்திருக்கும் விகிதம்; 1 என்றால் சரியளவு, அதற்கு மேல் என்றால் பெட்ரோல் குறைவு). மலிவான ஸ்கேனர்களில் சிலிண்டர்வாரித் தாமதம் தெரியாமல் போகலாம். அதற்காகக் கொஞ்சம் செலவு செய்வது வீண் இல்லை என்பது என் கருத்து. எண்ணைப் படிக்க இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஓட்டுபவர் ரோட்டை மட்டும் பார்க்கட்டும்.

இந்தப் பதிவில் முதலில் பார்க்க வேண்டியது, எல்லாச் சிலிண்டரும் பின்வாங்குகிறதா, ஒன்று மட்டுமா என்பது. எல்லாம் சேர்ந்து பின்வாங்கினால் காரணம் பொதுவானது: பெட்ரோல், காற்றின் சூடு, அளவுக்கு மீறிய பூஸ்ட், அதாவது டர்போ தரும் அழுத்தம். ஒன்று மட்டும் என்றால் அந்தச் சிலிண்டரின் பிளக், இன்ஜெக்டர், உள்ளே படிந்த கரி.

அல்லது... ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஒரு காரில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் விடாமல் பின்வாங்கியது. பிளக் மாற்றினேன். பெட்ரோல் மாற்றினேன். சென்சாரையே மாற்றினேன். ஒரு வாரம் போனது. கடைசியில் கையை விட்டுத் துழாவியபோது, போல்ட் தளர்ந்த ஒரு சின்னக் குழாய்க் கிளிப் பிளாக்கில் தட்டிக்கொண்டிருந்தது. சென்சாருக்கு நாக்கிங்கும் தெரியாது, கிளிப்பும் தெரியாது. அதற்குத் தெரிந்தது அதிர்வு மட்டும்தான். சென்சார் போல்ட்டைக் கைக்கு வந்தபடி இறுக்குவதும் இப்படித்தான் ஏமாற்றும். பல கார்களில் அது 20 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவை டார்க் ரெஞ்ச்சில் வையுங்கள். ஸ்கேனரில் பி0325 (P0325) போன்ற கோளாறுக் குறியீடு வந்தால் அது சென்சாரின் மின்சுற்றுப் புகார். நாக்கிங் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

[மேசை மேல் நான்கு பிளக்குகள், லென்ஸ் வழியாக]

பிளக்கைக் கழற்றினால் தூக்கிப் போடாதீர்கள், எந்தச் சிலிண்டருடையது என்று எழுதி வையுங்கள். நடுவில் உள்ள வெள்ளைப் பீங்கானை லென்ஸில் பாருங்கள். மிளகுத்தூள் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது. அதற்கு நடுவே வெள்ளிபோல் மின்னும் பொடி உருண்டைகள் இருந்தால் அது அலுமினியம், உங்கள் பிஸ்டனிலிருந்து வந்தது. அதற்கு மேல் ஓட்டாமல், பிளக் துளை வழியே உள்ளே பார்க்கும் சின்னக் கேமராவான போரோஸ்கோப்பை விட்டுப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் சோதனை எளிது. தானே வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஆக்டேன். டேங்க் காலியாகும் நேரத்தில் அதிக ஆக்டேன் பெட்ரோல் நிரப்பி, அதே ஏற்றத்தில் மறுபடி பதிவு செய்யுங்கள். பெட்ரோல் மூடிக்குள் தயாரிப்பாளர் கேட்கும் எண் இருக்கும். ஆனால் அது எந்தக் கணக்கில் என்று பாருங்கள், ஆக்டேனை அளக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. ஆர்.ஓ.என். கணக்கில் 95 என்பது ஏ.கே.ஐ. கணக்கில் ஏறக்குறைய 91. ஒரு எச்சரிக்கை: ஆக்டேன் கூட்டியதும் சத்தம் நின்றால் பழைய பெட்ரோல்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல பெட்ரோல் வேறு ஒரு கோளாறை மூடி மறைக்கவும் செய்யும்.

முழுப் பூஸ்டில் லாம்ப்டா 1-ஐத் தாண்டினால் பெட்ரோல் போதவில்லை, பம்ப்பைப் பாருங்கள். இன்டர்கூலர் குழாயில் ஆயில் தேங்கியிருந்தால் என்ஜினின் அடியில் சேரும் ஆவியை மறுபடி உள்ளே அனுப்பும் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். ஆயில் கலந்தால் கலவையின் ஆக்டேன் குறையும்.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ என்றால் இன்னொன்றும் உண்டு. குறைந்த ஆர்.பி.எம்.மில், உயர் கியரில் முழுசாக மிதிக்கும்போது, பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளலாம். இது எல்.எஸ்.பி.ஐ. (லோ-ஸ்பீட் பிரீ-இக்னிஷன்). ஒரே ஒரு ‘டங்’, அதிலேயே பிஸ்டன் உடைந்துபோகலாம். பொறியைத் தாமதப்படுத்தியும் பயனில்லை, ஏனென்றால் தீ வைத்தது பொறி அல்ல. 2020-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. (API SP) தர என்ஜின் ஆயிலில் இதற்கென்றே தனிச் சோதனை உண்டு. டப்பாவில் அந்த எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள், அப்புறம் கியரைக் குறைத்து மிதியுங்கள்.

[ஸ்கேனர் பதிவு, வரைகோடுகள்]

இப்போது நம் ஏற்றத்துக் கார். நான்கு சிலிண்டரும் சேர்ந்தே ஆறு டிகிரி பின்வாங்குகின்றன. லாம்ப்டா சரி, பூஸ்ட் கேட்ட அளவு. வெளியே 33 டிகிரி. உள்ளே போகும் காற்று ஏற்றத்தின் அடியில் 49, உச்சியில் 74. ஓடும் காரில் இவ்வளவு ஏறக் கூடாது. முன் பம்பரைக் கழற்றினேன். ஏ.சி. கண்டென்சருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே காய்ந்த இலையும் பூச்சியும் மண்ணும் கெட்டியாகப் படிந்து, கைவிரலால் சுரண்டினால் துண்டு துண்டாக வந்தது.

[தண்ணீர் மெதுவாக வழிய இன்டர்கூலர் சுத்தமாகிறது]

அதே பெட்ரோல், அதே பிளக், அதே ஏற்றம், அதே மூன்றாவது கியர். உச்சியில் காற்று 51 டிகிரி. ஹெட்போனைக் கழற்றாதீர்கள், மிதிக்கிறேன்.

[சத்தம்: ஏறும் என்ஜின், டர்போவின் மெல்லிய விசில் மட்டும்]