ஒதுக்கி வைத்தது சட்டம்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அடிமைமுறை ஒழிந்த பிறகும் அமெரிக்கக் கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்தது சட்டமா, வழக்கமா? இதுதான் தலைப்பு. "1865-ல் விடுதலை, 1870-ல் வாக்குரிமை, இரண்டையும் கொடுத்தது சட்டம், மாறாதது மனிதர் மனம்" என்றார் எதிரணித் தலைவர். மனம் மாறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்த வெறுப்புக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று மட்டும் அவர் சொல்லவேயில்லை.

மிசிசிப்பி மாநிலத்துக்கு வாருங்கள். 1870-ல் ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் அங்கிருந்து அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கே போனார். வழக்கம் அசைக்க முடியாதது என்றால் இது எப்படி நடந்தது? பின்னால் கறுப்பின வாக்காளர்களை வெள்ளையர்கள் மிரட்டினார்கள், கொன்றார்கள். அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் வன்முறையை ஒவ்வொரு தேர்தலுக்கும் நடத்தியாக வேண்டும். சட்டத்தை ஒருமுறை எழுதினால் போதும். 1890-ல் எழுதினார்கள், புதிய மாநில அரசியலமைப்பு என்ற பெயரில்!

அதில் 'கறுப்பர் வாக்களிக்கக் கூடாது' என்று ஒரு வரி கிடையாது. ஆனால் வாக்களிக்க வேண்டுமானால் தலைவரி, அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரி, ஆண்டுக்கு 2 டாலர். முந்தைய இரண்டு ஆண்டு வரியையும் தேர்தல் ஆண்டின் பிப்ரவரி 1-க்குள் கட்டியிருக்க வேண்டும். தேர்தலோ நவம்பரில், ஆதாரத்தை அதுவரை பத்திரமாக வைத்திருந்து காட்ட வேண்டும். பிறர் நிலத்தில் விளைச்சல் பங்குக்குப் பயிரிட்டு, கடனிலேயே ஆண்டை ஓட்டும் குடியானவருக்கு ரொக்கம் ஏது? மாநிலத்தில் இரண்டு ஆண்டு, அதே தேர்தல் வட்டாரத்தில் ஓராண்டு குடியிருந்திருக்கவும் வேண்டும். பண்ணை விட்டுப் பண்ணை மாறிப் பிழைத்தவர்கள் அங்கேயே அடிபட்டுப் போனார்கள்.

இதையும் தாண்டினால் பதிவு அதிகாரி உட்கார்ந்திருப்பார். அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது பிறர் படித்துக் காட்டினால் விளக்க வேண்டும். எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுப்பவர் அவர். விளக்கம் சரியா என்று முடிவு செய்பவரும் அவரே. 'கடனுக்காக எவரையும் சிறையிலடைக்கக் கூடாது' என்பதும் ஒரு பிரிவு. நீளமான வரிவிதிப்புப் பிரிவுகளும் உண்டு. யாருக்கு எது போயிருக்கும் என்று அவையோருக்குத் தெரியும்.

பக்கத்து லூசியானா 1898-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. 1867 ஜனவரி 1-க்கு முன் வாக்குரிமை பெற்றவரின் மகனுக்கும் பேரனுக்கும் எழுத்தறிவுத் தேர்விலிருந்து விலக்கு! அந்தத் தேதிக்கு முன் அங்கே கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை ஏது? 1896-ல் அங்கே 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். 1900-ல் மிஞ்சியது 5,320. எந்த வழக்கம் ஐயா நான்கே ஆண்டில் இப்படித் துடைத்தெறியும்?

ரயிலில் இரு இனத்தவருக்கும் தனித்தனிப் பெட்டி இருந்ததைப் பற்றியும் எதிரணி பேசியது. 1890-ல் லூசியானா போட்ட சட்டப்படி, தன் இனத்துக்கு ஒதுக்காத பெட்டியில் அடம்பிடித்து உட்காரும் பயணிக்கு 25 டாலர் அபராதம் அல்லது 20 நாள் வரை சிறை. அந்தச் சட்டத்தை எதிர்த்த ஹோமர் பிளெஸ்ஸியின் வழக்கில் 1896-ல் உச்ச நீதிமன்றமே 7-க்கு 1 என்று 'தனித்தனி, ஆனால் சமம்' என்பதை ஏற்றது. தானாக நடக்கும் வழக்கத்துக்கு அபராதம் எதற்கு?

எதிரணிக்கு ஒரே கேள்வி. 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்பட்டது. மத்திய அரசு அதிகாரிகளே வாக்காளர்களைப் பதிவு செய்தார்கள். மிசிசிப்பியில் சுமார் 7 சதவீதமாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு 1967-ல் ஏறத்தாழ 60 சதவீதம். இரண்டே ஆண்டில் அந்த மாநிலத்து வெள்ளையரின் மனம் மாறிவிட்டதா, இல்லை சட்டம் மாறியதா? பதில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சாளர் தொடங்கட்டும், நடுவர் அவர்களே.