ரோபோ கைநாட்டு வைக்காத ஒப்பந்தம்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, அக்காமார்களே, பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து பஸ் பிடித்து டர்பன் வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பெரியவர்களே, பாட்டியின் காதருகில் குனிந்து "இப்போது என்ன சொன்னார்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் பேரப்பிள்ளைகளே, வணக்கம்.

அறிவியல் புனைகதை ஆசிரியர்கள் எழுதியது நாளையைப் பற்றியா, தங்கள் காலத்தைப் பற்றியா? எனக்கு முன் பேசிய அண்ணன் நாளைதான் என்றார். ஜூல்ஸ் வெர்ன் நிலவுப் பயணத்தைச் சொன்னார், ஆர்தர் சி. கிளார்க் செயற்கைக்கோளைச் சொன்னார், ஆகவே அவர்கள் தீர்க்கதரிசிகள் என்று முடித்தார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். பேச்சு அழகு, சான்றுகள்தான் நிற்கவில்லை.

கிளார்க்கிடமே போவோம். பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துச் சுற்றும் மூன்று செயற்கைக்கோள்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று அவர் எழுதியது 1945-இல், 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' என்ற தொழில்நுட்ப இதழில். அது கட்டுரை ஐயா, கதை அன்று! நாளையைப் பற்றிச் சொல்ல வேண்டிவந்தபோது கிளார்க்கே கதையை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டுரை எழுதினார். அண்ணன் கொடுத்த சான்றை எங்கள் அணியின் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறேன்.

வெர்னின் நிலவுக் கதை 1865-இல் வந்தது. ஃபுளோரிடாவிலிருந்து மூன்று பேர் கிளம்புகிறார்கள் என்பதை அண்ணன் உற்சாகமாகச் சொன்னார். எதில் கிளம்புகிறார்கள் என்பதைச் சொல்லாமல் நழுவிவிட்டார். பீரங்கியில்! அப்படிச் சுட்டால் உள்ளே இருப்பவர்கள் கிளம்பிய நொடியிலேயே நசுங்கிப்போவார்கள். பிறகு ஏன் பீரங்கி? கதையின் முதல் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டது. பால்டிமோர் நகரில் பீரங்கி நிபுணர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. கை போனவரும் கால் போனவரும் உட்கார்ந்து, சுடுவதற்கு இனி யாருமே இல்லையே என்று ஏங்குகிறார்கள். சரி, நிலவைச் சுடுவோம் என்கிறார் தலைவர். போர் முடிந்த அதே ஆண்டில் வெளிவந்த நையாண்டி அது. நிலவு வெறும் இலக்கு. கேலிக்கு ஆளானது பீரங்கிக்காரர்கள்.

1969-இல் அது உண்மையாகவே நடந்ததே என்பார்கள். நடந்தது. மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டி மனிதன் இறங்கினான். அந்தக் காட்சி நம் தென்னாப்பிரிக்க வீடுகளுக்கு வந்து சேரவில்லை. தொலைக்காட்சி என்ன செய்துவிடுமோ என்று அஞ்சிய அரசு 1976 ஜனவரி வரை ஒளிபரப்பையே தொடங்கவில்லை. விஞ்ஞானம் தயாராகத்தான் இருந்தது. ஆட்சிதான் தயாராக இல்லை. புனைகதைக்காரனின் கண் எப்போதும் இந்த இரண்டாவதின் மேல்தான்.

எச். ஜி. வெல்ஸ் 1898-இல் செவ்வாய்க் கிரகத்துக்காரர்களை இங்கிலாந்தில் இறக்கினார். அவர்களிடம் வெப்பக் கதிர், இவர்களிடம் பழைய பீரங்கி. இந்தக் காட்சியை நீங்கள் வேறெங்கோ கேட்டிருக்கிறீர்கள். 1879-இல் நம் மாகாணத்தின் உலுண்டியில், ஈட்டியும் கேடயமுமாக ஓடிவந்த ஜூலு வீரர்களைச் சுழல் துப்பாக்கிகளோடு நின்று எதிர்கொண்டது பிரிட்டிஷ் படை. வெல்ஸ் இதை ஒளிக்கவும் இல்லை. முதல் அத்தியாயத்திலேயே தாஸ்மேனிய மக்கள்மீது ஐரோப்பியர் நடத்திய அழிப்புப் போரை நினைவூட்டி, அதே புத்தியோடு செவ்வாய்க்காரர்கள் வந்தால் குறைசொல்ல நமக்கு என்ன தகுதி என்று தன் மக்களையே கேட்கிறார்.

இனி ரோபோ. நடுவர் அவர்களே, இந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

காரல் சாபெக் என்ற செக் எழுத்தாளரின் நாடகம் 1920-இல் வெளியானது. ஒரு தீவுத் தொழிற்சாலையில் ரோபோக்கள் என்ற செயற்கை மனிதர்களைத் தயாரித்து உலகெங்கும் விற்கிறார்கள். உழைப்பார்கள், கூலி கேட்க மாட்டார்கள். ஒருநாள் அவர்கள் எழுந்து மனித குலத்தையே அழித்துவிடுகிறார்கள். ஒரே ஒருவரை மட்டும் விட்டுவைக்கிறார்கள். ஏன் தெரியுமா? அவரும் தங்களைப் போலக் கையால் வேலை செய்கிறவர் என்பதற்காக. ரஷ்யப் புரட்சி நடந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. இது இயந்திரத்தைப் பற்றிய கவலையா, தொழிலாளியைப் பற்றிய கவலையா?

ஐசக் அசிமோவின் மூன்று விதிகள் நாளைய உலகின் அறநூல் என்றார் அண்ணன். 1942-இல் வந்த சிறுகதையில் அவை வரிசையாகச் சொல்லப்பட்டன. மனிதனுக்குத் தீங்கு செய்யாதே. மனிதன் இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படி. பிறகு, இவ்விரண்டுக்கும் முரணாகாத வரை, உன் உடலைக் காப்பாற்றிக்கொள். இந்த வரிசையை எங்கள் தாத்தாவின் தாத்தாவிடம் வாசித்துக் காட்டியிருந்தால், "இதில்தானே நான் கைநாட்டு வைத்தேன்" என்றிருப்பார்!

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த 342 பேரோடு இந்த டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர். ஐந்தாண்டு ஒப்பந்தம், தொடக்கத்தில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. அனுமதிச் சீட்டு இல்லாமல் கரும்புத் தோட்டத்தைவிட்டு வெளியே போனால் குற்றம். ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக இங்கேயே தங்க நினைத்தால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி, 1895-ஆம் ஆண்டுச் சட்டப்படி. கீழ்ப்படிகிறவனுக்கு விதிகள் உண்டு, அவனை வைத்திருப்பவனுக்கு இல்லை. அசிமோவின் அதே கதையில் பழைய ரோபோக்கள் "எஜமானே" என்றுதான் பேசுகின்றன. மூத்தவர்கள் சிலர் தலையசைப்பதைப் பார்க்கிறேன். இந்த நாட்டில் அதை நீங்கள் எந்த மொழியில் சொல்ல வேண்டியிருந்தது என்பது உங்களுக்கே தெரியும். அசிமோவுக்கு நேட்டால் கரும்புத் தோட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடிமைகளை வைத்திருந்த அமெரிக்காவில் வளர்ந்தவர் அவர், அது போதும்.

நம் ஊர்க்காரர்களையும் சொல்லிவிடுகிறேன். நீல் ப்ளோம்காம்ப் 2009-இல் எடுத்த 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தில் வேற்றுக்கிரகவாசிகளை ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு முகாமில் அடைத்து, பிறகு அங்கிருந்தும் விரட்டுகிறார்கள். கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை 1966-இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்த கதை இது. இதே டர்பனில் நிறவெறி ஆட்சியால் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்து எடுத்துச் சாட்ஸ்வொர்த்தில் யூனிட் எண் கொடுத்து வைக்கப்பட்ட குடும்பங்களுக்கு, இடத்துக்குப் பெயருக்குப் பதில் எண் வரும்போது என்ன வரும் என்று படம் பார்த்தா தெரிய வேண்டும்? லாரன் ப்யூக்ஸின் 'மாக்ஸிலேண்ட்' நாவலில் கைபேசித் தொடர்பைத் துண்டிப்பதே தண்டனை. அது இல்லாதவன் எங்கும் நுழைய முடியாது. நிறவெறிக் காலத்தில் கறுப்பர்கள் எப்போதும் சுமந்தாக வேண்டிய அனுமதிப் புத்தகம்தான் டொம்பாஸ். இது கையில் எலக்ட்ரானிக் டொம்பாஸ், அவ்வளவுதான்.

"எல்லாம் சரி, இவை எச்சரிக்கைகள், எச்சரிக்கை என்றால் நாளைதானே" என்று அக்கா அடுத்து வந்து சொல்வார். வலுவான வாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். சுஜாதாவை எடுத்துக்கொள்வோம். 'என் இனிய இயந்திரா' 2020-களின் இந்தியாவில் நடக்கிறது. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும், பெயர்கூட இரண்டெழுத்துக்கு மேல் கூடாது, எல்லோருக்கும் மேலே ஜீவா என்ற தலைவர். அந்த ஆண்டுகள் இப்போது வந்தேவிட்டன. இந்தியாவில் அப்படியா நடக்கிறது? எச்சரிக்கை பொய்த்ததால் நாவல் செத்துவிட்டதா? இல்லை. ஏனென்றால் அதை எழுதியபோது நெருக்கடிநிலையும் கட்டாயக் கருத்தடையும் முடிந்து பத்தாண்டுதான் ஆகியிருந்தது. வாசகர் கண்டுகொண்டது அதை. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் உர்சுலா லெ குவின் தன் நாவலுக்கு 1976-இல் எழுதிய முன்னுரையில் இதைத் தெளிவாகவே சொன்னார்: இந்த இலக்கியம் முன்கூட்டிச் சொல்வதில்லை, இருப்பதை விவரிக்கிறது. தொழில் செய்கிறவரே சொன்ன பிறகு வாடிக்கையாளர் நாம் சண்டை போடுகிறோம்.

நடுவர் மணியில் கைவைத்துவிட்டார். அடுத்துப் பேசவரும் அக்காவிடம் ஒரு வேண்டுகோள். எழுதியவரின் காலத்துப் பயமோ பகையோ பசியோ ஒட்டாத, வெறும் நாளை மட்டுமே உள்ள ஒரு கதையின் பெயரைச் சொல்லுங்கள். நல்ல கதையாக இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. சொல்லிவிட்டால் என் நிறைவுரைக்கு ஒதுக்கிய நேரத்தையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.