கன்ட்ரோலர் கையில் என்ன இருக்கிறது?

எல்லோருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் தேர்வு நடத்துகிறவர் கன்ட்ரோலர். ரயில்வேயில் கன்ட்ரோலர் உண்டு, விமான நிலைய டவரில் உண்டு, வாஷிங் மெஷினுக்குள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் பையன் வீடியோ கேமில் பொத்தானை அமுக்கி கார் ஓட்டி விளையாடுகிறானே, அந்தக் கருவிக்கும் அதே பெயர்தான். இத்தனை பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதிகாரம் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வீட்டிலிருந்தே பார்ப்போம். ஃபேன் ரெகுலேட்டரை மூன்றில் வைத்துவிட்டுப் படுக்கிறீர்கள். விடியற்காலை குளிர்ந்தாலும் அது மூன்றிலேயே சுற்றும். அறை புழுங்குகிறதா, குளிர்கிறதா என்பது அதற்குத் தெரியாது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து போய்க் குறைக்கிறீர்களே, நீங்கள்தான் அங்கே கன்ட்ரோலர். இஸ்திரிப் பெட்டி அப்படி இல்லை. உள்ளே இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டி வைத்திருப்பார்கள். சூடு ஏறும்போது ஒன்று கூடுதலாக விரியும், ஒட்டியிருப்பதால் இரண்டும் சேர்ந்து வளையும், மின்சாரம் துண்டிக்கப்படும், சின்ன விளக்கு அணையும். ஆறினால் தகடு நிமிர்ந்து மறுபடி சூடேற்றும். வேண்டியது இவ்வளவு, இருப்பது இவ்வளவு, வித்தியாசம் என்ன என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கன்ட்ரோலர் வேலை என்பது இதுதான். இந்தக் கணக்குப்படி பையன் கையில் இருப்பது கன்ட்ரோலரே அல்ல. திரையைப் பார்த்து வண்டியைத் திருப்புகிற பையன்தான் கன்ட்ரோலர்!

அந்த வித்தியாசத்தை எப்படிப் பார்ப்பது என்று கண்டுபிடித்த கதை சுவையானது. நிக்கோலஸ் மினோர்ஸ்கி ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன பொறியாளர். கப்பலில் சுக்கான் பிடிக்கிறவர்களை உன்னிப்பாகக் கவனித்து 1922-இல் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல சுக்கான்காரர், போக வேண்டிய திசையிலிருந்து கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. இதுவரை எந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தது, இப்போது எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையும் மனசில் வைத்துத்தான் திருப்புகிறார். இந்த மூன்றையும் மினோர்ஸ்கி கணக்காக எழுதினார். இன்றைக்குத் தொழிற்சாலைகளில் 'பிஐடி' என்று சொல்கிறார்களே, அது இதுதான். நியூ மெக்சிகோ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் சோதித்துப் பார்த்தார்கள். முதல் இரண்டை மட்டும் வைத்து ஓட்டியபோது கப்பல் இரண்டு பாகை வரை அங்கும் இங்கும் ஆடியது. மூன்றாவதையும் சேர்த்ததும் ஆட்டம் ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. சரி, உடனே வாங்கிக்கொண்டார்களா? இல்லை. கப்பலில் வேலை செய்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று கடற்படை கைவிட்டுவிட்டது.

இப்போது ரயிலுக்கு வருவோம். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி போகிற பாதை ஒற்றைப் பாதை. இந்த மாதிரிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் செக்‌ஷன் கன்ட்ரோலருக்கு முன்னால் ஒரு சார்ட் இருக்கும். முன்பெல்லாம் பெரிய தாளில் பென்சிலும் ஸ்கேலும் வைத்துப் போட்டார்கள். இப்போது கம்ப்யூட்டர் திரையில். குறுக்காக நேரம், நெடுக்காக ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. எக்ஸ்பிரஸ் செங்குத்தாக ஏறும், கூட்ஸ் சரிவாகப் போகும், நிற்கிற வண்டி படுத்துக் கிடக்கும். எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் ஒரு ஸ்டேஷனில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும், நடுவழியில் வெட்டக் கூடாது.

மதுரைப் பக்கமிருந்து வருகிற வண்டி லேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கிராசிங், அதாவது எதிர்வண்டியோடு மாறிக்கொள்வது, போட்டிருந்தது. தென்காசியிலிருந்து வருகிற வண்டியை அங்கேயே காக்க வைப்பதா, சிவகாசி வரை விட்டு அங்கே கிராசிங் வைப்பதா? எவ்வளவு லேட், எங்கிருந்து லேட், விட்ட நேரத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறதா, இன்னும் விட்டுக்கொண்டே வருகிறதா? மினோர்ஸ்கியின் அதே மூன்று கேள்விகள். வேடிக்கை என்னவென்றால், இவர் கையில் ஒரு சிக்னல்கூடக் கிடையாது. லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அடுத்த ஸ்டேஷனின் அனுமதி, வாங்குவதும் சிக்னல் கொடுப்பதும் ஸ்டேஷன் மாஸ்டர்கள். இவருக்கு இருப்பது சார்ட்டும் போனும். வண்டி கால் மணி நேரம் சும்மா நிற்கும்போது நாம் டிரைவரைத் திட்டுகிறோம். பாவம், அவருக்கும் ஏன் நிற்கிறோம் என்று தெரியாது.

அரசாங்கப் பதவிகளில் நிலைமை வேறு. பழைய பிரெஞ்சு மொழியில் கன்ட்ரோலர் என்ற சொல்லின் மூலத்துக்கு எதிர்ச்சுருள் என்று பொருள். ஒருவர் எழுதும் கணக்கோடு ஒத்துப் பார்க்க இன்னொருவர் வைத்திருக்கும் நகல். அரசாங்கக் கணக்கைத் தணிக்கை செய்யும் நம் சிஏஜி (கம்ப்ட்ரோலர் அண்ட் ஆடிட்டர் ஜெனரல்) பதவியின் பெயரிலும் அது இருக்கிறது, அரசியல் சட்டம் 148-ஆவது பிரிவிலேயே. பிரிட்டனில் அதே பெயருள்ள அதிகாரி ஒப்புதல் கொடுத்தால்தான் கஜானாவிலிருந்து பணம் வெளியே வரும். இங்கே செலவாகி முடிந்த பிறகு தணிக்கை. பெயர் வந்தது, வேலையில் பாதி வரவில்லை.

இதைவிட எனக்கு உறுத்துவது வெடிபொருள் கன்ட்ரோலர். பட்டாசு ஆலைகளில் 'நாக்பூர் லைசென்ஸ்' என்பார்கள். லைசென்ஸ் கொடுக்கும் வெடிபொருள் துறையின் தலைமை அலுவலகம் நாக்பூரில் இருப்பதால் அந்தப் பெயர். சிவகாசியிலேயும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. ஒரு அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதி தெளிவாக இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் லைசென்ஸ் கொடுக்கிறார்கள். ஆனால் அது ரெகுலேட்டரை மூன்றில் வைத்துவிட்டுப் படுப்பதுதான். அப்புறம் தீபாவளி நெருங்கும், ஆர்டர் குவியும். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் வேறொருவராக இருப்பார். அறை போதாமல் மரத்தடியில் உட்கார்ந்து மருந்து அடைப்பார்கள். அன்றைக்கு உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பது, பல நேரம், விபத்துக்குப் பிறகு எழுதும் அறிக்கையில்தான் வருகிறது. ஆண்டுக்கொரு ஆய்வு போதாது. சீசன் நேரத்தில் தினமும் தலை எண்ணுகிற ஓர் ஆள் வேண்டும்.