மறதிக்காரருக்கும் வல்லாரை!

நடுவர் அவர்களே, இரு அணியினரே, ஐப்பசி மழையிலும் குடையோடு வந்திருக்கிற வெள்ளவத்தைப் பெருமக்களே, வணக்கம். தந்தது எட்டு நிமிடம். எனக்கு முன் பேசியவருக்கு விழுந்த கைதட்டல் அதில் அரை நிமிடத்தைத் தின்றுவிட்டது. நேரே வருகிறேன்.

தலைப்பு, கொழும்பு மாடிவீட்டுப் பல்கனிக்கு ஏற்ற மூலிகை வல்லாரையா, கற்பூரவள்ளியா. நான் வல்லாரை. கற்பூரவள்ளி அணி ஐயா அப்படி என்ன சொல்லிக் கைதட்டு வாங்கினார்? "வல்லாரை ஞாபகசக்திக்கு நல்லதாம். ஆனால் அதுக்குத் தினமும் தண்ணி ஊத்த ஞாபகசக்தி வேணும். அது இருக்கிறவனுக்கு வல்லாரை எதுக்கு?" சபை சிரித்தது. நடுவர் சிரித்தார். எங்கள் அணித் தலைவியே சிரித்துவிட்டார். அவரிடம் பிறகு பேசிக்கொள்கிறேன்.

அதோடு விட்டாரா? கதையும் சொன்னார். கொட்டாஞ்சேனையில் நாலாம் மாடியில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர். மறதி வருகிறது என்று பல்கனியில் வல்லாரை நட்டார். பக்கத்துச் சாடியில் கற்பூரவள்ளி. தண்ணீர் ஊற்ற மறந்தார். வல்லாரை காய்ந்தது, கற்பூரவள்ளி தழைத்தது. கதை முடிந்தது, கைதட்டு.

முடியவில்லை, ஐயா! அதே கட்டடத்தில்தான் எங்கள் அணிக்காரர் ஒருவரும் இருக்கிறார். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

காய்ந்த சாடியைக் கண்ட மனைவி கேட்டார்: "இஞ்சேருங்கோ, உந்தக் கண்டுக்குத் தண்ணி ஊத்தினீங்களோ?" கணக்காளர் சொன்னார்: "ஊத்தினனோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்." இப்படியே விட்டால் சரிவராது என்று அந்த அம்மா அவருடைய கைத்தொலைபேசியில் அலாரம் வைத்துக் கொடுத்தார். காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று. மனிதர் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். அலாரம் அடித்தால் வேலை நடக்கும். காலையில் இரண்டு சாடிக்கும் ஒவ்வொரு செம்பு. மாலையில் இரண்டு சாடிக்கும் ஒவ்வொரு செம்பு. ஓரவஞ்சனை இல்லை!

என்ன ஆனது? காய்ந்ததாக எதிரணி ஐயா இறுதிச்சடங்கு நடத்திய வல்லாரையில், காய்ந்தது இலைதான். மண்ணோடு ஒட்டிய அடிக்கணுவில் உயிர் இருந்தது. ஈரம் கண்டதும் இரண்டு வாரத்தில் சுருள் சுருளாகத் தளிர் விட்டது. தழைத்த கற்பூரவள்ளி? தண்டின் அடி கறுத்தது. தொட்டால் கொழகொழ. அதைக் கண்டு கணக்காளர் என்ன செய்தார் தெரியுமா? வாடுகிறதே, தண்ணி போதவில்லையாக்கும் என்று மத்தியானத்துக்கும் ஒரு அலாரம் வைத்தார்!

எதிரணி ஐயா சொன்னது கதையின் முதல் மாதம். நான் சொல்வது இரண்டாம் மாதம். இனிக் கதையை எங்கேயாவது சொன்னால் இரண்டு மாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதில் கண்டின் குற்றம் எதுவும் இல்லை. வல்லாரை வயல் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் படர்கிற சாதி. வேர் மேலாகவே ஓடும், ஆகவே மேல்மண் காய்ந்தால் தாங்காது. கற்பூரவள்ளி தடித்த இலையில் தண்ணீரைச் சேமித்து வைக்கிற சாதி. அதன் வேருக்குக் காற்று வேண்டும். மேல்மண்ணை விரலால் குத்திப் பார்த்து, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் காய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே செம்பு என்றால் ஏதோ ஒன்று செத்தே தீரும்.

சரி, ஊர் எது? கொழும்பு! வருடத்தில் 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஏப்ரல், மே ஒரு கொட்டு. ஒக்டோபர், நவம்பர் இன்னொரு கொட்டு. மழைச் சாரல் அடிக்கிற பல்கனியில் கற்பூரவள்ளியை வைத்துவிட்டு, ஒவ்வொரு இடிக்கும் ஓடிப்போய் உள்ளே தூக்கி வைக்கிறார்களே, அதற்கு ஞாபகசக்தி வேண்டாமா, ஐயா?

கற்பூரவள்ளியின் பெருமை ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் தண்டை ஒடித்து, கீழ் இலைகளை நீக்கி, வெட்டுவாயை ஒரு நாள் ஆறவிட்டு, மணல் கலந்த மண்ணில் குத்தினால் இரண்டு வாரத்தில் வேர். வாழ்க.

இனி "தினமும் ஊற்ற ஞாபகம் வேணும்" என்ற வாதத்துக்கு வருகிறேன். மறதிக்காரர் வீட்டுக்கு என்றே ஒரு வழி இருக்கிறது. கணக்காளர் வீட்டிலும் கடைசியில் அதைத்தான் செய்தார்கள். ஒரு பழைய பிளாஸ்ரிக் பேசின். அகலம் நாற்பது நாற்பத்தைந்து சென்ரிமீற்றர், ஆழம் பதினைந்து இருபது போதும். வேர் ஆழம் போகாதபடியால் உயரச் சாடி வீண். அடியில் ஓட்டை போடாதீர்கள். பக்கவாட்டில், அடியிலிருந்து மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில் நாலைந்து ஓட்டை. உள்பக்கமாக ஓட்டைகளுக்கு நுளம்பு வலைத் துண்டு. ஓட்டை மட்டம்வரை உடைந்த செங்கல், அதன்மேல் ஒரு வலைத்துணி, அதன்மேல் மேல்மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. அடியில் எப்போதும் மூன்று சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கும், மண் அதை மேலே உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு நாள் மறந்தாலும் கண்டு தாங்கும். பேய்மழை பெய்தால் மிச்சம் ஓட்டையால் போய்விடும். ஓட்டைப் பக்கத்தைப் பல்கனிக் கானுக்குத் திருப்பி வையுங்கள். இல்லையென்றால் கீழ்மாடிக்காரரின் வேட்டியில் போய்விடும். அதற்கு வேறு பட்டிமன்றம் வைக்க வேண்டிவரும்.

நடவுக்கு விதை தேடி அலையாதீர்கள், முளைக்க நாள் எடுக்கும். சந்தையில் கொட்டுகொல என்று சிங்களப் பெயரில் வேரோடு கிடைக்கிற வல்லாரைக் கட்டில் பத்துப் பன்னிரண்டு தண்டைப் பொறுக்கி, பத்துச் சென்ரிமீற்றர் இடைவெளியில் ஊன்றி, முதல் இரண்டு வாரம் நிழலில் வைத்தால் சரி.

"தண்ணி நிண்டால் டெங்கு வரும், பி.எச்.ஐ. வருவார்" என்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காட்டிப் பயமுறுத்தினார் அந்தப் பக்கத்துத் தங்கச்சி. நல்ல கேள்வி. நுளம்புக்கு வேண்டியது திறந்த தண்ணீர். சாடிக்கு அடியில் வைக்கிற தட்டில் ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் நின்றால் முட்டை நுளம்பாகிப் பறந்துவிடும். மண்ணுக்கு அடியில் மூடி இருக்கிற தண்ணீரில் அது முட்டையிட முடியாது. தட்டுத்தான் வைப்பேன் என்றால் அதில் மணலை நிரப்புங்கள். தங்கச்சி, உங்கள் கற்பூரவள்ளிச் சாடிக்கு அடியிலும் தட்டு இருக்கிறது. இரவு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

வெயில்? கடற்பக்கத்துப் பல்கனியில் பின்னேர வெயில் முகத்தில் அறையும். அங்கே வல்லாரையின் இலை சிறுத்துத் தடிக்கும், உப்புக் காற்றில் ஓரம் கருகும். உட்சுவர்ப் பக்கமாக, அரைநிழலில் வையுங்கள். ஒரேயடியாக இருட்டில் வைத்தால் காம்பு நூலாக நீண்டு இலை மெலியும். காலை வெயில் இரண்டு மூன்று மணித்தியாலம் பட்டால் அந்த இலைதான் சம்பலுக்கு இலை. ஜனவரி, பெப்ரவரி வறட்சியில் மட்டும் மேலாலும் ஒரு செம்பு. நத்தை வந்தால் இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்குங்கள், மருந்து தெளிக்காதீர்கள், தின்கிற இலை.

இரண்டு மூன்று மாதத்தில் முதல் வெட்டு. பிடுங்கக் கூடாது. கத்தரிக்கோலால் காம்போடு வெட்டி, அடிக்கணுவை விட்டுவிட வேண்டும். வெட்டிய பிறகு ஒரு கைப்பிடி கூட்டெரு போட்டால் ஒரு மாதத்தில் அடுத்த வெட்டு. கானோரத்தில் வளர்ந்த கீரையோ என்று சந்தைக் கட்டைச் சந்தேகப்பட்டு மூன்று தரம் கழுவுகிற வேலையும் குறையும்.

மருத்துவம் என்று பெரிதாகச் சொன்னார்கள். கற்பூரவள்ளிச் சாற்றில் தேன் கலந்து "கைக்குழந்தைக்கும் குடுக்கலாம்" என்றார் ஒருவர். அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. வல்லாரை ஞாபகத்தைக் கூட்டும் என்பது சித்த, ஆயுர்வேத மரபின் பேச்சு. ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் அதைச் சொல்லவில்லை. நான் ஞாபகத்துக்காக வாதாட வரவில்லை. சம்பலுக்காக வந்திருக்கிறேன்!

அந்தக் கணக்காளர் வீட்டுக்கே திரும்பிப் போவோம். எதிரணி தொடங்கிய கதை, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். மகன் ரொறன்ரோவில். போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு என்று குடும்பத்தோடு வந்தார். ஏழு வயதுப் பேத்தி பச்சையாய் எதையும் வாயில் வைக்காத பிள்ளை. அப்பம்மா ஒன்றும் சொல்லவில்லை. கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து, "உமக்கு எவ்வளவு வேணுமோ வெட்டும்" என்றார். பிள்ளை ஒவ்வொரு இலையாக வெட்டியது. அப்பம்மா பொடியாய் அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்புச் சேர்த்துப் பிசைந்து, தேசிக்காயைக் கடைசியில் பிழிந்தார். தான் வெட்டிய இலை என்று பிள்ளை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வட்ஸ்அப்பில் அந்தப் பிள்ளை முதலில் கேட்பது, "அப்பப்பா, என்ர கண்டைக் காட்டுங்கோ." கணக்காளர் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு பேசினடிக்குப் போகிறார். இந்த ஒன்றுக்கு அவருக்கு அலாரம் வைக்கவில்லை.

இதற்கும் தலைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நடுவர் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறார். சம்பந்தம் கிடையாது, ஐயா! முன்வரிசையில் இரண்டு அம்மாமார் கண் துடைக்கிறார்கள், அதைப் பாருங்கள். பின்வரிசையில் ரொறன்ரோவுக்கு வீடியோ எடுக்கிற தம்பி, கமராவை அவர்கள் பக்கம் திருப்பும். மணி அடித்துவிட்டது. புள்ளியைப் போடுங்கள், வணக்கம்.