வீட்டு வாசலில் நின்ற கார் பந்தயத்துக்குப் போன காலம்

நேயர்களுக்கு என் வணக்கம்.

சென்னை மூர் மார்க்கெட் தீக்கிரையாவதற்கு முன்பு, அதன் பழைய புத்தகக் கடைகளில் வெளிநாட்டு மோட்டார் இதழ்கள் பழைய காகிதத்தோடு காகிதமாகக் குவிந்து கிடக்கும். 1960களின் இறுதியில், ஆட்டோமொபைல் பட்டயப் படிப்பில் சேர்ந்திருந்த நான், அட்டை கிழிந்துபோன ஓர் அமெரிக்க இதழை அங்கே நாலணாவுக்கு வாங்கினேன். அதில் ஒரு ஸ்டேஷன் வேகனின் படம் இருந்தது. குடும்பத்தோடு சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவதற்கான, பின்புறம் நீண்ட வண்டி அது. அதன் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் ஓர் எண்ணும் இரண்டு எழுத்துகளும் கொட்டை கொட்டையாக எழுதப்பட்டிருந்தன. ஏலத்துக்கு வந்த வண்டி என்றுதான் முதலில் நினைத்தேன். படத்தின் கீழே இருந்த வரியைப் படித்த பிறகே அது டிராக் ரேஸ் என்ற பந்தயத்துக்கு வந்த வண்டி என்று புரிந்தது. அன்று பிடித்த ஆர்வம், பிற்பாடு அதே பாடத்தை மாணவர்களுக்குக் கற்பிக்கும் வேலைக்கு வந்து ஓய்வும் பெற்ற பிறகு, இன்னும் என்னை விடவில்லை.

டிராக் ரேஸ் என்பது மிக எளிய பந்தயம். நேரான பாதையில் இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுக் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் தூரத்தை முதலில் கடப்பது வெல்லும். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க இளைஞர்கள், தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலும், இரவு நேரத்தில் ஊர்ச் சாலைகளிலும் இதை விளையாடிக்கொண்டிருந்தார்கள். 1950ஆம் ஆண்டில் சி. ஜே. ஹார்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அதே பகுதியில் உள்ள சாண்டா அனா விமான நிலையத்தின் ஓர் ஓடுபாதையை ஞாயிற்றுக்கிழமைகளில் பயன்படுத்திக்கொண்டு, தலைக்கு ஐம்பது சென்ட் கட்டணத்தில் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். மறு ஆண்டு, வேகத்துக்காகத் திருத்தியமைத்த வண்டிகளைப் பற்றிய ஹாட் ராட் இதழின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ், இந்த விளையாட்டைத் தெருவிலிருந்து பிரித்து ஒழுங்குக்குள் கொண்டுவரத் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். 1953இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த அச்சங்கத்தின் முதல் அதிகாரபூர்வப் பந்தயத்துக்கு உள்ளூர்க் காவல்துறையே துணை நின்றது. 1955இல் கான்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் ஊரில் கூடிய முதல் தேசியப் போட்டி, போர்க்காலத்தில் பி-29 குண்டுவீச்சு விமானங்களின் தளமாக இருந்த இடத்தில் நடந்தது. மழை வந்து அதைக் கெடுத்ததால், எஞ்சிய ஓட்டங்களை அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் போய் முடிக்க வேண்டியதாயிற்று.

போர் விட்டுச் சென்ற ஓடுபாதைகள் பந்தய ரசிகர்களின் கைக்கு வந்த கதை நமக்கும் புதிதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நம்மவர்கள் ஆண்டுதோறும் பார்த்த மோட்டார் பந்தயமும் போர்க்கால விமானப் பாதையில் நடந்ததுதான். அங்கே வெயிலில் நின்று பார்த்த எனக்கு, கான்கிரீட் தளத்தில் ரப்பர் தேயும் வாடை எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

நான் பேச வந்தது, டிராக் பந்தயத்தின் பல பிரிவுகளுள் ஸ்டாக் என்ற பிரிவைப் பற்றி. தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்கும் வண்டிகளுக்கான பிரிவு அது. ஏழெட்டு அடி நீளத்துக்கு மூக்கை நீட்டிக்கொண்டு நெருப்புக் கக்கும் விசேஷ வண்டிகளைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது என்பது உண்மையே. ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் தாமும் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்க இடம் தந்தது ஸ்டாக் பிரிவுதான். எதில் வந்தாயோ அதையே ஓட்டு என்ற பொருளில் அவர்களிடம் ஒரு வழக்கு உண்டு. வாரம் முழுவதும் வேலைக்குப் போய்வந்த காரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தயத் திடலுக்குப் போவார்கள். வீல் கப்புகளைக் கழற்றுவார்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி, குழந்தைகளின் சாமான் எல்லாவற்றையும் இறக்கி ஒரு போர்வையின் மேல் வைப்பார்கள். சோதனையாளர் பிரேக்கையும், சீட் பெல்ட்டையும், ஆக்சிலரேட்டர் ஸ்பிரிங்கையும் பார்த்துவிட்டு, கண்ணாடியில் வகுப்பின் எழுத்தை எழுதிவிடுவார். மாலையில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொண்டு, அதே காரில் வீடு திரும்புவார்கள். வென்றவருக்குப் பெரும்பாலும் ஒரு சிறு கோப்பை கிடைக்கும். பெட்ரோல் செலவுக்கு அது ஆகாது.

எந்த வண்டி எந்த வகுப்பில் சேரும் என்பதை முடிவு செய்த கணக்குதான் இந்தப் பிரிவின் உயிர். வண்டியின் எடையை, தொழிற்சாலை விளம்பரப்படுத்திய குதிரைத்திறனால் வகுக்க வேண்டும். 3,200 பவுண்டு எடையுள்ள காருக்கு 160 குதிரைத்திறன் என்றால், ஒரு குதிரைக்கு 20 பவுண்டு சுமை. இந்த ஈவு எவ்வளவு குறைவோ, அந்த அளவுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் மேல் வகுப்பு. தானியங்கி கியர் உள்ள வண்டிகளுக்குத் தனி வகுப்புகள். இதனால் என்ன நன்மை என்றால், விலை உயர்ந்த பெரிய கார் வைத்திருப்பவர் மட்டுமே வெல்லும் நிலை இல்லாமல் போயிற்று. 1955இல் ஷெவ்ரலே நிறுவனம் 265 கன அங்குலக் கொள்ளளவுள்ள, எட்டு சிலிண்டர் கொண்ட வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தபோது, சாதாரணக் கார்புரேட்டருடன் அதன் திறன் 162. நான்கு குழல் கார்புரேட்டருடன் 180. விலை அதிகமில்லாத அந்த எஞ்சின்தான் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் பந்தயத் திடலுக்கு இழுத்து வந்தது. அந்த வண்டிகள் கால் மைலைக் கடக்க ஏறக்குறைய பதினாறு, பதினேழு விநாடி எடுத்துக்கொண்டன. இன்றைக்கு நம் சாலையில் ஓடும் குடும்பக் கார்களில் சில அதைவிட விரைவாகப் போகும். இருந்தாலும் அந்த நேரத்தில் கால் விநாடியைக் குறைப்பதற்கு ஒருவர் ஒரு மழைக்காலம் முழுவதையும் பட்டறையில் கழித்தார்.

எப்படிக் குறைத்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் மாணவர்களுக்கு நான் சலிக்காமல் சொன்ன பாடம் இது. எஞ்சின் பாகங்களை மாற்றக் கூடாது என்பது விதி. ஆனால் எந்தத் தொழிற்சாலையும் ஒவ்வொரு பாகத்தையும் ஒரே அளவில் செய்வதில்லை. இத்தனை முதல் இத்தனை வரை இருக்கலாம் என்று ஒரு சிறு இடைவெளி விட்டே செய்கிறது. எட்டு பிஸ்டன்களையும் தராசில் நிறுத்து ஒரே எடைக்குக் கொண்டுவருவது, சிலிண்டர் ஹெட்டின் ஒவ்வொரு குழியையும் விதி அனுமதிக்கும் மிகச் சிறிய கொள்ளளவுக்குச் சரியாக இழைப்பது, வால்வு ஸ்பிரிங்குகளை ஒன்றுக்கொன்று பொருத்தமாகத் தேர்ந்தெடுப்பது என்று, விதியின் எல்லைக்கோட்டில் கால் வைக்காமல் அதன் விளிம்பிலேயே நடந்து போவதுதான் ஸ்டாக் பந்தயக்காரரின் கலை. நான் மூர் மார்க்கெட் படத்தில் பார்த்த ஸ்டேஷன் வேகனின் மர்மமும் இதே இடத்தில்தான் விளங்கியது. சாமான் வண்டியின் கூடும் கண்ணாடியும் பின் சக்கரங்களின் மேல் பாரத்தை வைப்பதால், புறப்படும்போது டயர் வழுக்காமல் தரையைப் பிடிக்கும். கூடுதல் எடையால் வண்டி கீழ் வகுப்புக்குப் போய்விடும். அதனால் நட்டமும் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டேன்.

பந்தயம் புறப்படும் கணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காலத்தில் பாதையின் நடுவே ஒருவர் கொடியுடன் நிற்பார். அவர் கொடியைத் தரையிலிருந்து வீசித் துள்ளும்போது இரு வண்டிகளும் கிளட்சை விட வேண்டும். கொடியைப் பார்த்தவர் தோற்றார்; கொடிக்காரரின் தோளையோ முழங்காலையோ பார்த்து, அவர் துள்ளப் போவதை ஓர் இமைப்பொழுது முன்பே அறிந்தவர் வென்றார். பழைய நினைவுகளைப் பேசுகிறவர்கள் இந்தக் கொடிக்காரரை எண்ணி மிகவும் உருகுகிறார்கள். நான் உருகுவதாக இல்லை. உள்ளூர்ப் பையனுக்குச் சாதகமாகக் கொடி அசைந்தது என்ற சண்டை ஓயாமல் நடந்தது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு மனிதரை நிறுத்துவதும் அறிவுள்ள செயலன்று. 1963இல், கிறிஸ்துமஸ் மரம் என்று செல்லமாக அழைக்கப்பட்ட விளக்குக் கம்பம் வந்த பிறகுதான், வேகமான வகுப்பையும் மெதுவான வகுப்பையும் நேர வித்தியாசம் கொடுத்து நியாயமாக மோதவிட முடிந்தது.

இனி, இந்த எளிய விளையாட்டு எப்படிக் கைமாறியது என்பதைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வென்ற கார் திங்கட்கிழமை விற்பனையாகும் என்று கார் கம்பெனிகள் கண்டுகொண்டன. 1961 பிப்ரவரியில் பொமோனாவில் நடந்த முதல் குளிர்காலத் தேசியப் போட்டியில், டான் நிக்கல்சன் அப்போதுதான் வெளிவந்திருந்த 409 கன அங்குல எஞ்சின் பொருத்திய ஷெவ்ரலே இம்பாலாவில் ஸ்டாக் பட்டத்தை வென்றார். மறு ஆண்டு அதே எஞ்சின், கன அங்குலத்துக்கு ஒன்று வீதம் 409 குதிரைத்திறனுடன் விற்பனைக்கு வந்தது. கிரைஸ்லர் கம்பெனியின் பொறியாளர்கள் சிலர், வேலை நேரம் முடிந்த பிறகு சொந்த ஆர்வத்தில் தொடங்கிய ராம்சார்ஜர்ஸ் என்ற குழு, சில ஆண்டுகளிலேயே கம்பெனியின் பந்தய முகமாகிவிட்டது. 1964இல் ஃபோர்டு செய்த தண்டர்போல்ட்டைப் பாருங்கள்: ஃபேர்லேன் என்ற நடுத்தரக் காருக்குள் 427 கன அங்குல எஞ்சினைத் திணித்து, பானெட்டையும் முன் மட்கார்டுகளையும் கண்ணாடியிழையில் செய்து, இரட்டை முகப்பு விளக்குகளில் உள்பக்கத்து விளக்குகளை எடுத்துவிட்டு, அந்த ஓட்டைகளின் வழியாகக் கார்புரேட்டருக்குக் காற்றைக் கொண்டுபோனார்கள். ஷோரூமில் விற்றோம் என்பதால், ஸ்டாக் வண்டிகளில் மிக வேகமானவற்றுக்கான சூப்பர் ஸ்டாக் பிரிவில் ஓட்டலாம் என்பது வாதம். அதில் ஏறி யாரும் மளிகைக் கடைக்குப் போயிருக்க மாட்டார்கள்.

வகுப்பைத் தீர்மானித்த அந்தக் கணக்கையும் கம்பெனிகள் நன்றாகப் படித்துவிட்டன. விளம்பரத்தில் திறனைக் குறைத்துச் சொன்னால் வண்டி எளிய வகுப்பில் சேரும் அல்லவா? 1968இல் வந்த ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட் எஞ்சினுக்கு 335 குதிரைத்திறன் என்று அச்சிட்டார்கள். அதன் உண்மைத் திறன் அதைவிட எவ்வளவோ அதிகம் என்பது பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஆண்டு பொமோனாவில் ஆல் ஜோனிக் அந்த எஞ்சினுள்ள மஸ்டாங்கில் சூப்பர் ஸ்டாக் பட்டத்தை வென்றார். கடைசியில் சங்கமே கம்பெனி சொல்வதை ஒதுக்கிவிட்டு, ஒவ்வோர் எஞ்சினுக்கும் தானே ஒரு திறனை நிர்ணயிக்க வேண்டிவந்தது. கலியாணத்துக்கு வயது குறைத்துச் சொல்லும் பழக்கம் எஞ்சினுக்கும் உண்டு என்று வகுப்பில் நான் சொன்னால், கடைசி வரிசை மாணவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள்.

ஆனாலும் அந்தப் பணப் பெருக்கத்தின் நடுவிலேயே நல்ல பந்தயங்களும் நடந்தன. 1966இல், 327 கன அங்குல எஞ்சினுடைய சிறிய ஷெவி-2 காரில் பில் ஜென்கின்ஸும், 426 ஹெமி என்ற ராட்சத எஞ்சினைச் சுமந்த பிளிமத்தில் ஜெரி ஸ்டாலும் ஒரே வகுப்பில் ஆண்டு முழுவதும் மோதினார்கள். எடையையும் திறனையும் வகுத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே ஈவைத் தந்ததால்தான் அந்த மோதல் சாத்தியமாயிற்று. அந்த ஆண்டின் பட்டம் ஸ்டாலுக்குக் கிடைத்தது. அதே 1966இல், பொமோனாவில் ஷெர்லி ஷஹான் ஸ்டாக் பட்டத்தை வென்று, அச்சங்கத்தின் தேசியப் போட்டி ஒன்றில் வெற்றி பெற்ற முதல் பெண் ஆனார். பெண்களுக்கென்று தனியே பவுடர் பஃப் என்ற பெயரில் வேடிக்கைப் பந்தயம் வைத்துக் கைதட்டிய காலம் அது. பழையதெல்லாம் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் இந்தப் பெயரையும் சேர்த்தே நினைவு வைத்திருக்க வேண்டும்.

எனக்கு இந்தப் பிரிவில் மிகவும் பிடித்த இடம், கூட்டம் கலைந்த பிறகு நடக்கும் சோதனைக் கொட்டகை. தேசியப் போட்டியில் வென்றவர் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டதும் வீட்டுக்குப் போய்விட முடியாது. கொட்டகைக்கு வண்டியை ஓட்டிவந்து, தம் கையாலேயே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் காட்ட வேண்டும். சோதனையாளர் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் பார்த்த அதே பியூரெட்டை எடுத்து, ஹெட்டின் குழிக்குள் சொட்டுச் சொட்டாகத் திரவத்தை விட்டு அதன் கொள்ளளவை அளப்பார். விதி சொல்லும் அளவைவிட ஒரு சொட்டுக் குறைவாகக் கொண்டாலும், யாரோ ஹெட்டின் அடிமுகத்தை இழைத்து அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வால்வின் விட்டத்தை அளப்பார். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அவற்றை எவ்வளவு தூக்குகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் கோப்பை அவருக்கு, இல்லாவிட்டால் தோற்றவருக்கு.

ஸ்டாக் பிரிவு இன்றும் நடக்கிறது. வண்டிகள் இப்போது வீட்டிலிருந்து ஓடி வருவதில்லை; டிரெய்லரில் ஏறி வருகின்றன. ஒவ்வொருவரும் தம் நேரத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அதைவிட வேகமாக ஓடினால் தோற்றுப்போகும் முறையும் வந்துவிட்டது. ஆனால் இந்தியானாபோலிஸில் ஆண்டுதோறும் நடக்கும் தேசியப் போட்டியில் ஒரு வகுப்பை வென்றவர், ஐம்பது வயதைத் தாண்டிய தம் பழைய ஷெவ்ரலேயைக் கொட்டகைக்குள் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, சூடு இன்னும் ஆறாத எஞ்சினில் ஸ்பேனரை வைக்கத்தான் வேண்டும்.

வணக்கம்.