சந்தேகங்களுக்கு விளக்கம்: 10 டாலர் பங்கு எப்படி 4.50 ஆகுது?

வணக்கமுங்க. இன்னைக்கு நாலஞ்சு கேள்வி எடுக்கலாம்னுதான் உக்காந்தது. ஒரே கேள்வி முழு நேரத்தையும் தின்னுரும்னு தோணுது. உடுமலைப்பேட்டையில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காப்ல. படிச்சுடறேன்.

"அமெரிக்காவுல நாஸ்டாக் பங்குச் சந்தையில இருக்கிற ஒரு சின்ன புற்றுநோய் மருந்துக் கம்பெனி. பங்கு 2 டாலர் 40 சென்ட். ரெண்டாம் கட்டச் சோதனை நல்லா வந்துருச்சு. மூணாம் கட்ட ரிசல்ட் ஆறு மாசத்துல வருதாம். பாஸ் ஆச்சுன்னா 10 டாலர் போகும்ங்கறாங்க. 2,500 பங்கு எடுக்கலாம்னு இருக்கேன். மருந்து பாஸாகுமா ஆகாதா, அதை மட்டும் சொல்லுங்க."

அதை மட்டும் சொல்லணுமாமா! ஏனுங்க தம்பி, அது அந்தக் கம்பெனி முதலாளிக்கே தெரியாதுங்க. மூணாம் கட்டம்ங்கறது அனுமதி கேக்கறதுக்கு முந்தின கடைசிப் பெரிய சோதனை. அது பல சமயம் எப்படி நடக்குதுன்னா, எந்த நோயாளிக்குப் புது மருந்து போச்சு, எவருக்குப் பழைய வைத்தியம் போச்சுங்கறது டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. கடைசியில அந்த ரகசியக் கட்டைப் பிரிக்கிறப்பத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி "நிச்சயம் பாஸு"ன்னு ஒருத்தர் சொன்னா, ஒண்ணு அவர்கிட்ட அந்தப் பங்கு இருக்குது, இல்லீன்னா சும்மா சொல்றாருன்னு வெச்சுக்குங்க.

தெரிஞ்சது சராசரி மட்டுந்தான். 2011ல இருந்து 2020 வரைக்கும் நடந்த சோதனைகளை அமெரிக்காவுல பயோடெக் கம்பெனிகளோட சங்கமே கூட்டிக் கணக்குப் போட்டுருக்குது. முதல் கட்டத்துல இறங்கின மருந்துல கடைசி அனுமதி வரைக்கும் போனது நூத்துக்கு 7.9. புற்றுநோய் மருந்து மட்டும் எடுத்தா 5.3. புற்றுநோய்ல மூணாம் கட்டத்தைத் தாண்டினது 47.7 சதவீதம், அப்பறம் விண்ணப்பம் போட்டதுல அனுமதி கிடைச்சது 92 சதவீதம். ரெண்டையும் பெருக்குங்க, 44 வருது. ஆக, மூணாம் கட்டத்துல நிக்கிற புற்றுநோய் மருந்துக்கு நூத்துக்கு 44. இது பெரிய பெரிய கம்பெனியெல்லாம் சேர்ந்த சராசரி. ஒரே மருந்தை வெச்சுட்டு நிக்கிற சின்னக் கம்பெனிக்கு இதைவிடக் கம்மியா வெச்சுக்கறதுதான் புத்தி.

"ரெண்டாம் கட்டம் நல்லா வந்துருச்சு"ங்கறாப்ல. நல்லான்னா எப்படி நல்லா? கம்பெனி விடற அறிக்கையை விட்டுருங்க. கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ்னு அமெரிக்க அரசாங்கத் தளம் இருக்குது. மருந்துப் பேரைப் போட்டா என்சிடின்னு ஆரம்பிக்கிற எண்ணோட சோதனை வரும். அதுல எத்தனை பேரு, ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு இருந்துச்சா, எதை வெச்சு ஜெயிச்சுதுன்னு சொல்லப் போறாங்கங்கற முதன்மை அளவுகோல் என்ன, இத்தனையும் இருக்கும். 40 பேருக்கு மருந்தைக் குடுத்து, எதிர்க்குழுவே இல்லாம, "12 பேருக்குக் கட்டி சுருங்குச்சு"ன்னா, அது ரொம்ப ஆரம்பச் சேதி. கட்டி சுருங்கறது வேற, ஆளு எச்சு நாள் உசுரோட இருக்கறது வேற. மூணாம் கட்டத்துல பல சமயம் ரெண்டாவதைத்தான் கேக்கறாங்க.

அதே பக்கத்துல பழைய பதிவுகளும் கிடக்கும். சோதனை பாதியில ஓடிட்டு இருக்கறப்ப முதன்மை அளவுகோலை மாத்தியிருக்காங்களா, 300 பேருன்னு சொன்னதை 180 ஆக்கிட்டாங்களா, முடியற தேதியை எத்தனை தடவை தள்ளுனாங்க, அத்தனையும் தேதி வாரியா நிக்கும். அறிக்கையில "60 வயசுக்கு மேல இருக்கற பெண்கள்ல மட்டும் அருமையான பலன்"னு வந்தா உசாருங்க. மொத்தத்துல தோத்துட்டு, கூட்டத்தை இருபதாப் பிரிச்சுப் பாத்தா ஒண்ணுல தற்செயலாவே நல்லா வரத்தான் செய்யும்.

சரி, இதெல்லாம் தம்பி கேட்டதுக்குப் பதிலு. கேட்டுருக்க வேண்டிய கேள்வி வேற. மருந்து பாஸாயிருச்சுன்னே வெச்சுக்குங்க, அதுல தம்பிக்கு எவ்வளவு வரும்?

பழைய ஆளுகளுக்குத் தெரியும், இப்ப மறுபடியும் கிணத்துக்குள்ள எறங்கப் போறேன்னு. புதுசா வந்தவங்களுக்காக ஒருக்கா சொல்லிர்றேன். நாலு பங்காளி, ஒட்டுக்காப் பணம் போட்டு ஒரு போர்வெல். ஆளுக்குக் கால் பங்கு, நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணி. திருச்செங்கோட்டு வண்டி வந்து நிக்குது, அடிக்கு இவ்வளவுன்னு பேச்சு, ஆழம் போகப் போக ரேட்டு ஏறும். 700 அடியில ஈரமண்ணு வருது, ஆனா காசு தீந்துருச்சு. வண்டிக்காரர் சும்மா நிப்பாரா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரெண்டு பேரு "நாங்க காசு போடறோம், எங்களையும் பங்குல சேத்துக்குங்க"ங்கறாங்க. சேத்தாச்சு. 900 அடியில தண்ணி பீச்சிட்டு வருது. ஊரே வந்து பாக்குது. ஆனா முறை இப்ப ஆறு நாளைக்கு ஒருக்கா. தண்ணி வந்தது நெசம், உங்க தென்னைக்குப் பத்தலைங்கறதும் நெசம்.

இந்த மாதிரி சின்ன மருந்துக் கம்பெனிக்கு விக்கிறதுக்குச் சரக்கே கிடையாதுங்க. வருமானம் சைபர். வண்டி ஓடறது பூரா புதுப் பங்கு வித்த காசுல. அதனால முதல்ல பாக்க வேண்டியது, கையில இருக்கற காசு எத்தனை மாசம் தாங்கும்ங்கறது.

தம்பி சொன்ன கம்பெனி பேரை நான் சொல்ல மாட்டேன். கணக்குக்காக ரவுண்டா நம்பர் வெச்சுக்கறேன், உங்க கம்பெனிக்கு உங்க நம்பரைப் போட்டுக்குங்க. அமெரிக்க செபி மாதிரி இருக்கற எஸ்இசியோட தளம் எட்கர். காசு குடுக்க வேண்டாம். 10-க்யூன்னு காலாண்டு அறிக்கை எடுங்க. ஜூன் முடிவுக்கு ரொக்கமும், உடனே காசாக்கற முதலீடும் சேர்ந்து 4.2 கோடி டாலர். அப்பறம் காசு வந்த போன கணக்குல, நடைமுறை வேலைக்குப் போன காசு 2.8 கோடி. இங்கதான் பாதிப் பேரு வழுக்கறாங்க. அந்த 2.8 கோடி ஒரு காலாண்டுக்கு இல்லீங்க. 10-க்யூல அந்தக் கணக்கு வருச ஆரம்பத்துல இருந்து கூட்டிட்டே வரும். ஜூன் அறிக்கைன்னா ஆறு மாசம், செப்டம்பர்னா ஒம்பது மாசம். முந்தின அறிக்கையில இருக்கறதைக் கழிக்கணும். மார்ச்சுல 1.4, ஜூன்ல 2.8, அப்ப காலாண்டுக்கு 1.4 கோடி. 4.2ஐ 1.4ஆல வகுத்தா மூணு காலாண்டு, ஒம்பது மாசம். அறிக்கை கைக்கு வர்றதே ஆகஸ்ட் நடுவுல. ஒண்ணரை மாசம் அப்பவே போயிருச்சு.

ரிசல்ட் ஆறு மாசத்துலங்கறதும் கல்லுல எழுதுனதில்ல. ஆயுள் கூடுதாங்கற சோதனையில, இத்தனை பேரு இறந்த பொறவுதான் கட்டைப் பிரிக்கறதுன்னு முன்னாடியே எழுதி வெச்சுருப்பாங்க. கேக்கறதுக்குக் கொடுமையாத்தான் இருக்குது. அந்த எண்ணிக்கை வரலீன்னா தேதி தள்ளும். தள்ளிப் போனா மருந்து வேலை செய்யுதுன்னு உடனே துள்ளறவங்க இருக்கறாங்க. பழைய வைத்தியத்துல இருக்கறவங்களும் நல்லா இருந்தாக்கூடத் தள்ளுங்க. ரிசல்ட் வந்தும் விண்ணப்பம் தயார் பண்ண மாசக்கணக்காகும். மருந்துக்கு அனுமதி குடுக்கற அமெரிக்க அரசு அமைப்பு எஃப்டிஏ, அது சாதாரணமா எடுத்துக்கறது 12 மாசம், முன்னுரிமை குடுத்தா 8 மாசம். ஒம்பது மாசக் காசை வெச்சுட்டு ஒண்ணரை, ரெண்டு வருசப் பாதை. புதுப் பங்காளி வருவாங்களான்னு கேள்வியே இல்லை, என்ன விலைக்கு வருவாங்கங்கறதுதான்.

இப்பப் பங்கை எண்ணுங்க. 10-க்யூ முதல் பக்கத்துலயே மொத்தம் 6 கோடிப் பங்குன்னு போட்டுருக்கும். அது மட்டும் கணக்கில்ல. உள்ள குறிப்புகள்ல வாரண்ட் 2 கோடி, 3 டாலருக்கு. வாரண்ட்டுன்னா, குறிச்ச விலையைக் கட்டிப் பின்னாடி புதுப் பங்கு வாங்கிக்கற உரிமைச் சீட்டு. ஊழியர்களுக்குக் குடுத்த அதே மாதிரி உரிமை, ஆப்ஷன், 80 லட்சம். முன்கூட்டியே காசு கட்டின வாரண்ட்டுன்னு ஒண்ணு இருக்குது, ஒரு சென்ட்டுக்கும் கம்மியா இன்னும் குடுத்தாப் பங்காயிரும். அதுவும் அந்த 6 கோடியில சேராது, தேடிப் பாருங்க. இருக்கறதையே கூட்டினா 8.8 கோடி. இனி ஓடறதுக்கு 6 கோடி டாலர் வேணும். பங்கு 2.40ல இருக்கறப்ப பெரிய ஃபண்டுக்காரங்க 2.40 குடுக்க மாட்டாங்க. 2 டாலருக்குக் கேப்பாங்க, ரெண்டு பங்குக்கு ஒரு வாரண்ட் மேல கொசுறாக் கேப்பாங்க. 3 கோடிப் புதுப் பங்கு, 1.5 கோடி வாரண்ட். மொத்தம் 13.3 கோடி.

மருந்து பாஸாகி, கம்பெனியோட மதிப்பு 60 கோடி டாலர் ஆகுதுன்னு வெச்சுக்குங்க. 6 கோடிப் பங்குக்கு வகுத்தா 10 டாலர். தம்பிகிட்டச் சொன்ன 10 டாலர் இப்படித்தான் வந்துருக்கணும். 13.3 கோடிக்கு வகுத்தா 4 டாலர் 51 சென்ட். வாரண்ட்டுக்காரங்க பங்கா மாத்தறப்பக் கட்டற காசு கம்பெனிக்கு வரும், அதைச் சேத்தா இன்னும் கொஞ்சம் கூடும். ஆனா 10 வராது.

அந்த 4.51ஐ நூத்துக்கு 44ஆல பெருக்கினா 1.98. தோத்துப் போனா மிச்சம் இருக்கற காசுக்குப் பங்கு 30 சென்ட்ல நிக்கும்னு வைங்க, அதை நூத்துக்கு 56ஆல பெருக்கினா 17 சென்ட். ரெண்டும் சேர்ந்து 2.15. தம்பி குடுக்கறது 2.40. நான் சொன்ன மாதிரி வாய்ப்பை 30ன்னு குறைச்சா 1.56 தான் வருது. மதிப்பு 60 கோடி இல்லை, 150 கோடின்னு உங்ககிட்டக் காரணம் இருந்தா வேற கணக்கு. போட்டுப் பாருங்க. வாங்கு, விட்டுருன்னு சொல்றது என் வேலை இல்லீங்க.

அனுமதி வந்தும் பங்குக்காரனுக்கு ஒண்ணுமே மிஞ்சாமப் போனதும் உண்டு. டெண்ட்ரியான்னு ஒரு கம்பெனி. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ப்ரொவெஞ்ச். 2010 ஏப்ரல்ல எஃப்டிஏ அனுமதி, அந்த வருசம் பங்கு 50 டாலரைத் தாண்டுச்சு. சிகிச்சை அப்ப ஒருத்தருக்கு 93,000 டாலர். ஒவ்வொரு நோயாளியோட ரத்த அணுவையும் எடுத்து, ஃபேக்டரிக்கு அனுப்பி, பக்குவம் பண்ணித் திரும்ப ஏத்தணும். டாக்டர் கைக்காசு போட்டு வாங்கி வெச்சுட்டு, அப்பறம் இன்சூரன்ஸ்ல வசூல் பண்ணணும். எத்தனை டாக்டர் அதுக்குத் துணிவாங்க? 2011 ஆகஸ்ட்ல "விற்பனை நாங்க சொன்ன அளவு வராது"ன்னு அறிவிச்சாங்க, ஒரே நாள்ல பங்கு மூணுல ரெண்டு பாகம் போச்சு. 2014 நவம்பர்ல திவால். மருந்து இன்னைக்கும் இருக்குது. அன்னைக்குப் பங்கு வெச்சுருந்தவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லை.

புளூபேர்ட் பயோ இன்னும் மோசமுங்க. மூணு மரபணு சிகிச்சைக்கு அனுமதி வாங்கின கம்பெனி. ரத்தக் கோளாறுல துடிச்ச குழந்தைகளுக்கு நெசமாவே வாழ்வு குடுத்த மருந்து. 2018ல பங்கு 200 டாலருக்கு மேல. இடையில 2021ல புற்றுநோய்ப் பிரிவைத் தனியாப் பிரிச்சுக் குடுத்தாங்க, அதையும் நேர்மையாச் சொல்லிரணும். 2024 டிசம்பர்ல 20 பங்கை ஒரு பங்காச் சுருக்கினாங்க. 2025ல கம்பெனியை வித்தப்பக் கைக்கு வந்தது பங்குக்கு 3 டாலரும், பின்னாடி விற்பனை கூடினா இன்னும் கொஞ்சம்னு ஒரு சீட்டும்; சீட்டு வேண்டாம்னவங்களுக்கு 5 டாலர். பழைய பங்குக் கணக்குல அது 15 சென்ட், இல்லீன்னா 25 சென்ட். ஈமு கோழி மாதிரி இது ஏமாத்து வேலை இல்லீங்க. விஞ்ஞானம் ஜெயிச்சுது, காசு தீந்துது, அவ்வளவுதான்.

ஸ்டாப்லாஸ், அதாவது விலை இதுக்குக் கீழ போனாத் தானா வித்துருன்னு உத்தரவு, போட்டுக்கறேன்னு அடுத்துச் சொல்வீங்க. ரிசல்ட் பெரும்பாலும் சந்தை திறக்கறதுக்கு முன்னாடி வரும், நமக்குப் பொழுதோட. நமக்கு ஏழு மணிக்கோ, அவங்க குளிர்காலத்துல எட்டு மணிக்கோ சந்தை திறக்கறப்பவே விலை பாதாளத்துல இருக்கும். 2 டாலருக்கு ஸ்டாப்லாஸ் போட்டா 2 டாலருக்கு விக்காது, திறந்த விலைக்குத்தான் விக்கும். 2024 நவம்பர் 25ஆம் தேதி கஸாவா சயின்சஸோட அல்சைமர் மருந்து தோத்த அன்னைக்கு ஒரே நாள்ல 80 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. நம்ம ஊர்ச் சந்தைன்னா, ஒரு நாள்ல இதுக்கு மேல விழக்கூடாதுங்கற எல்லையில, லோயர் சர்க்யூட்ல, நின்னுக்கும், வாங்க ஆளே இருக்காது.

ஜெயிச்ச ராத்திரியும் தூங்காதீங்க. நல்ல சேதி வந்து விலை ஏறின அன்னைக்கே கம்பெனி பொட்டாட்டப் புதுப் பங்கு விக்கும். எட்கர்ல 424பி5னு ஒரு தாள் வந்தா அதுதான் அர்த்தம். அதுக்கு முன்னாடியே எஸ்-3னு ஒண்ணு போட்டு வெச்சுருப்பாங்க, வேணுங்கறப்ப வித்துக்கறோம்னு அனுமதி வாங்கி வெக்கிற தாள். பங்கு ஒரு டாலருக்குக் கீழ தொடர்ந்து 30 வேலை நாள் இருந்தா நாஸ்டாக் நோட்டீஸ் விடும், 180 நாள் தவணை. அதுல இருந்து தப்பிக்கத்தான் பத்தை ஒண்ணாக்கறது, இருபதை ஒண்ணாக்கறதெல்லாம்.

வரியைச் சுருக்கமா முடிச்சுடறேன், போன தடவை விரிவாப் பேசியாச்சு. பணம் எல்ஆர்எஸ்ல, அதாவது தனி ஆளு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வெச்சுருக்கற திட்டத்துல, போகும், கடன் வாங்கி மார்ஜின்ல ஆட அதுல அனுமதி இல்லை. 24 மாசத்துக்கு மேல வெச்சு வித்தா லாபத்துக்கு 12.5 சதவீதம், அதுக்குள்ளன்னா உங்க வருமான ஸ்லாப். ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்தைக் காட்டற ஷெட்யூல் எஃப்ஏ கட்டாயம், அது ஏப்ரல்-மார்ச் இல்லை, ஜனவரி-டிசம்பர் கணக்கு. நட்டமே ஆனாலும் எழுதணும். நட்டத்தை எட்டு வருசம் கொண்டு போகலாம், ரிட்டர்னைத் தேதிக்குள்ள போட்டிருந்தா.

தம்பி, அடுத்த 10-க்யூ நவம்பர் நடுவுல வரும். வேற ஒண்ணும் படிக்க நேரமில்லீன்னாலும் முதல் பக்கத்துல இருக்கற பங்கு எண்ணிக்கையைப் பாருங்க. இப்ப 6 கோடி. 7 கோடின்னு இருந்துச்சுன்னா, நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே முறை ஒரு நாள் தள்ளிப் போயிருச்சு.