துறைமுகத்துக்கு வடக்கே

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஜார்ஜ் கோட்டையோடு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அதற்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே நீளும் ஊர்கள் மாநகராட்சியின் எல்லைக்குள் இருந்தாலும், பேச்சிலும் சாப்பாட்டிலும் தொழிலிலும் பெருநகரத்தை அடுத்த இன்னொரு நகரமாகவே இருந்து வருகின்றன. இதைப் பார்க்க வருகிறவர்களுக்கும், இங்கே வீடு தேடி வருகிறவர்களுக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். கப்பல்களுக்காகத்தான் இங்கே பல தேசத்து மக்கள் வந்தார்கள். அதே கப்பல்களுக்காகக் கட்டிய துறைமுகச் சுவர்தான் எங்கள் கரையைக் கொண்டு போயிற்று.

வந்தவர்களை முதலில் பார்ப்போம். அரண்மனைக்காரன் தெருவில் 1772ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஆர்மேனியர் தேவாலயம் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழான அஸ்தரார் 1794இல் சென்னையில்தான் அச்சாயிற்று. அதை நடத்திய பாதிரியாரின் கல்லறையும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. துறைமுகம் இல்லாத அந்தக் காலத்தில் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் ஏற்றி அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தவர்கள் எங்கள் படகோட்டிகள். அவர்கள் சேர்த்த பணத்தில் எழுந்ததுதான் ராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் 1910இல் கட்டிய பார்சிகளின் அக்கினிக் கோயில் வரும். பார்சி அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது என்பதால் வெளியே நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். சௌகார்பேட்டையின் மார்வாடிகளையும் குஜராத்திகளையும், மண்ணடியின் முஸ்லிம் வணிகர்களையும் பற்றி நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களைப் பற்றி மட்டும் சற்று நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் அது எனக்குப் பிடித்த இடம். 1962இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கிய பிறகு, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியில் அவர்களுக்குக் குடியிருப்பு அமைந்தது. பாரிமுனைக்கு அருகில் பர்மா பஜார் எழுந்தது. அந்த பஜாரின் பின்புறத் தெருக்களில் மாலை நேரத்தில் அத்தோ வண்டிகளைப் பார்க்கலாம். மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தில் தடித்த நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு, மெல்லியதாக அரிந்த முட்டைகோசும் வெங்காயமும் சேர்த்து, பூண்டு வறுத்த எண்ணெயும் புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் விட்டு, பேஜோ என்ற மொறுமொறுப்பான வறுவலை நொறுக்கித் தூவி, அத்தனையையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயத்தையும் பூண்டையும் அடைத்துத் தருவதும் உண்டு. வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள், கரண்டி கேட்டாலும் பரவாயில்லை, சூப் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இனி அந்தச் சுவருக்கு வருகிறேன். நேயர்களில் பலர் மெரினாவில் சாலையிலிருந்து அலைவரைக்கும் கால் புதையப் புதைய நடந்திருப்பீர்கள். அந்த மணற்பரப்பு ஆதியிலிருந்தே அப்படி இருந்ததில்லை. நம் கரையோரமாகக் கடல் மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே கொஞ்சம் திரும்பினாலும், ஆண்டுக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போவதே அதிகம். வாய்க்காலில் குறுக்கே ஒரு கல்லைப் போட்டால் ஒரு பக்கம் மண் சேர்ந்து மறுபக்கம் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1875இல் அடிக்கல் நாட்டிக் கடலுக்குள் நீட்டிய துறைமுகச் சுவர்கள் செய்ததும் அதுதான். கட்டி முடிக்கும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தபோதும், திரும்பக் கட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் தெற்கே தேங்கியது. தேங்கிய கரையோரத்தில் ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் உலாவும் சாலை அமைத்தார். ராயபுரம் முதல் எண்ணூர் வரைக்கும் மணல் வரவில்லை, ஆனால் அலை வந்துகொண்டேயிருந்தது. மறுபடியும் சொல்கிறேன், மெரினாவின் மணலில் பெரும்பங்கு எங்களுக்கு வந்திருக்க வேண்டிய மணல்.

அதனால்தான் எங்கள் ஊரில் கடற்கரை எங்கே என்று கேட்பவர்களுக்குக் கருங்கல் குவியலைக் காட்ட வேண்டியிருக்கிறது. அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும், கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல்வரிசைகளான தூண்டில் வளைவுகளும்தான் இன்று எங்கள் கரை. படகை இழுத்துப் போடவும் வலையைக் காயவைக்கவும் மணல் இல்லாத மீனவக் குப்பம் எப்படிப் பிழைக்கும் என்பதை, மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது ஒரு கணம் எண்ணிப் பாருங்கள் என்று கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஒரு தூண்டில் வளைவு அமைத்த இடத்தில் கொஞ்சம் மணல் சேர்ந்தால், அதற்கு வடக்கே இருக்கும் குப்பம் அரிக்கத் தொடங்குகிறது. பிறகு அங்கேயும் ஒன்று கேட்டு மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பார்க்க வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காசிமேட்டுக்கு விடியும் முன்பே வந்துவிடுங்கள். ஏலம் விடிந்த பிறகு காத்திருக்காது. கூடையாக ஏலம் எடுக்கும் பெண்களிடம் கூறு கட்டி விற்கும்போது வாங்கலாம். சங்கராவோ வஞ்சிரமோ, கூலி கொடுத்தால் அங்கேயே சுத்தம் செய்து தருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது என்பதால் அப்போது விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ரயிலில் ஆர்வம் உள்ளவர்கள் ராயபுரம் நிலையத்தைப் பார்க்காமல் போகக்கூடாது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது.

குடிவர நினைப்பவர்களுக்குச் சொல்லச் சிறிது வைத்திருந்தேன். வானொலி நிலையத்து நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ நீண்ட பிறகு, தெற்கே வேலைக்குப் போய்வருவது எளிதாகியிருக்கிறது. ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையை நம்பி எந்த நேரத்தையும் குறிக்காதீர்கள். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் என்பதையும் வாடகை பேசும்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றித்தான் முழுதாகப் பேச நேரம் இல்லாமல் போயிற்று. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் அந்த இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து நீரின் ஆழம் குறைந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து பரவியபோது, மீனவர்களே படகில் போய் அதை வெறும் கையால் அள்ளினார்கள். இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் அந்தக் கழிமுகத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். அங்கே போக விரும்புகிறவர்கள் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி எண்ணூரில் இறங்கலாம்.

நன்றி, வணக்கம்.